பெல்ட் நாடாவின் கடைசி முனை

அன்பு மகனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை அங்கே உடம்பு சுகத்தோடும் மன நிம்மதியோடும் வைத்திருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் தங்கச்சியும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதியும் விட்டேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் மறுபடி தொடங்குகிறேன். அவர்கள் மூவரும் நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தங்கச்சிக்குப் போன் போட்டு அவளை உலுக்காதே. உன்னிடம் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பொய் சொன்னேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம், அதனால் முதல் வரியிலேயே இன்னொரு பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். எத்தனையோ தடவை முயன்றேன். நீ எடுத்ததும் சாப்பிட்டீங்களா அத்தா என்று கேட்பாய், உடனே குட்டிக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர் நாளை மறுநாள் உன் பக்கம் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையைத் திறந்துவிட்டேன். வெள்ளத் தண்ணீரில் கிடந்த இரண்டு தையல் மெஷினில் ஒன்று பிழைத்துக்கொண்டது, மற்றொன்று மிதித்தால் நாய்க்குட்டி மாதிரி முனகுகிறது. ரெக்சின் சுருளையெல்லாம் கழுவிக் காயவைத்தாகிவிட்டது, ஃபோம் மட்டும் இன்னும் சேற்று வாடை அடிக்கிறது, எத்தனை வெயிலில் போட்டாலும் போகவில்லை. போன வாரம் ஒரு டாக்ஸிக்காரர் சீட் கவர் தைக்க வந்தார், அளவெடுத்து வெட்டிவிட்டு, விளிம்பு மடித்துக் கொடு என்று பின்னால் கையை நீட்டினேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம்தானே உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். டாக்ஸிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சமையலும் நான்தான், சோறு அடிப்பிடிக்காத நாள் கிடையாது, தங்கச்சி தினமும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே வந்து இருங்களேன் அத்தா என்று சண்டை போடுகிறாள். அவள் வீடு மேட்டில் இருக்கிறது, காற்றும் வரும், எல்லாம் சரிதான், ஆனால் இந்த வீட்டை விட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை.

உன் வேலை விஷயம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், முழுச் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். கையில் ஸ்பேனரோடு போன பையன் இன்றைக்கு நாற்பத்திரண்டு பேருக்குப் போர்மேன். உயரமான கட்டடத்தில் ஏசி குழாய் போடுகிற வேலை, சாரத்தின் மேல் நிற்கிற ஆட்கள், சின்ன விஷயமில்லை. ஆனால் நீ அன்றைக்குப் போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்று போட்டது. நாப்பது பேருக்கு முன்னாடி நிக்கப் போறேன் அத்தா, உங்கள மனசுல வெச்சுக்கிட்டுத்தான் நிப்பேன் என்றாய். அதே வாரம் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டார்கள், அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் என்னை மறுபடி தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம், சால்வை போடப் போகிறார்களாம், வெள்ளத்தில் அறுபத்தோரு உயிரைக் கரை சேர்த்தவர் என்று ஒரு அட்டை வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்காரர் வந்து, பேருக்கு முன்னால் அல்ஹாஜ் போடவா ஜனாப் போடவா என்று என்னிடமே கேட்டார். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவர்கள், நடுவில் நான் திருடன் மாதிரி நிற்கிறேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், குறுக்கே எனக்காக வக்கீல் வேலை பார்க்காமல் படி. அன்றைக்கு மதியம் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சாக்கடை வழியாகத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. பள்ளிவாசல் தளம் உயரம் என்பதால் தெருவில் வீட்டோடு இருந்தவர்கள் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள், நம் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் டீச்சரும் வந்தார். தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டபோது ஏரிக்கரை தாங்காது, மேம்பாலத்துக்குப் போய்விடுங்கள் என்று போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து சொன்னார். லாரி ஷெட்டைத் தாண்டி, மார்க்கெட் ரோட்டைக் கடந்து, பாலத்துச் சரிவு வரை இடுப்பளவு தண்ணீரில் போக வேண்டும். நான் கடைக்கு ஓடி சீட் பெல்ட் நாடாச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்தேன், ஐம்பது மீட்டர், லாரியே இழுத்தாலும் அறாது. நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டிரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன். மைக்கில் நின்று, ஸஃப்பா நில்லுங்க, வரிசையா நில்லுங்க என்று ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான், அறுபத்திரண்டு பேர் ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டார்கள். பதினோரு வருஷமாக அதே இடத்திலிருந்து அதே குரலைக் கேட்டுப் பழகிய ஜனங்கள் எப்படி நிற்பார்கள் சொல். தொழுகைக்கு நிற்பது போலவே நின்றார்கள். ஆண்கள் முன்னால், பிள்ளைகள் அடுத்து, பெண்கள் பின்னால். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது மகனே, அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. பள்ளிவாசலுக்குள் சரியான வரிசை, ஓடுகிற தண்ணீரில் தப்பான வரிசை என்று எனக்கு உறைக்கவே இல்லை. வலுவுள்ளவர்கள் எல்லாம் முன்னால் கூடிவிட்டோம், முழங்கால் வலிக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வால் பக்கம் போய்விட்டார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஹஜ்ரத் அஸர் தொழவைத்து முடித்ததும் நானே எழுந்து பத்து நிமிஷம் பேசினேன். தலைமை என்பது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், கேட்டு வாங்குகிறவனுக்குக் கொடுக்கக் கூடாது, கையில் வந்துவிட்டால் அதைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்றெல்லாம் சொல்லிவிட்டு, நபிகளார் பயணம் போகும்போது கூட்டத்தின் பின்னால்தான் வருவார்கள், நடக்க முடியாதவரைத் தூண்டி நடக்கவைப்பார்கள், தங்கள் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காகத் துஆ செய்வார்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், நல்லாத்தான் பேசினீங்க, என்கூட மார்க்கெட்டுக்கு வந்தா மட்டும் பத்தடி முன்னாடி போயிடறீங்களே, உங்க முதுகப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிருச்சு என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கேட்காமல் கிடைத்த பதவி என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. பதவியைக் கேட்டு வாங்கினவனுக்குக்கூட அவ்வளவு கர்வம் இருக்காது.

டைப்பிஸ்ட் டீச்சரும் அம்மாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொண்டதில்லை என்பது உனக்குத் தெரியும். நம் மாடித் துணிக்கொடியிலிருந்து அவர் ஜன்னலில் தண்ணீர் சொட்டியது என்று ஆரம்பித்தது. தெருவில் எவர் சண்டையையும் தீர்த்துவைப்பவன் நான், இந்த ஒரு கொடிச் சண்டையைத் தீர்க்க என்னால் முடிந்ததில்லை. அவர் உங்க வீட்ல சொல்லிடுங்க என்பார், இவள் உங்க டீச்சர்ட்ட சொல்லிடுங்க என்பாள், நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன். அன்றைக்கு வரிசை நின்றதும் உன் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் என்னிடம் வந்தாள். ஏங்க, முன்னாடி ஹஜ்ரத் பாத்துக்குவாரு, நீங்க பின்னாடி வாங்க, டீச்சருக்கு ரெண்டு முட்டியும் போச்சு, பொம்பளைங்க மட்டும் கடைசியில இருக்கோம் என்றாள். அத்தனை பேர் பார்க்க, இப்பப் போயி எனக்குப் பாடம் எடுக்காத, போயி வரிசையில நில்லு என்றேன். அவள் போய் நின்றாள். இருபத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தி நான் அவளிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். யாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொன்ன உடன்படிக்கை முடிந்து நபித்தோழர்கள் மனமொடிந்து எழுந்திருக்காமல் இருந்த நாளில் நபிகளார் கூடாரத்துக்குள் போய் மனைவி உம்மு ஸலமாவிடம் சொன்னார்கள், அவர் சொன்ன யோசனைப்படியே வெளியே வந்து செய்தார்கள், கூட்டம் எழுந்தது. இதையும் நான் மேடையில் பேசியிருக்கிறேன். பேசாத விஷயம் ஒன்றும் பாக்கியில்லை.

முதல் ஜோடி நானும் ஹஜ்ரத்தும். கையில் ஒரு கம்பு வைத்துச் சாக்கடைக் குழி இருக்கிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி ஜோடி, முப்பத்தொன்றாவது, டைப்பிஸ்ட் டீச்சரும் உன் அம்மாவும். லாரி ஷெட் மதில் அருகே போகும்போது பின்னாலிருந்து ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு ஒரு செய்தி முன்னால் வந்தது. ஹஜ்ரத் என் காதோடு, தலைவரே, மெதுவாப் போகச் சொல்றாங்களாம், பின்னாடி முடியலையாம் என்றார். மகனே, இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, தங்கச்சிக்கும் தெரியாது. கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். நின்னா எல்லாருமே போவோம், நடங்க என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக எட்டு வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழவைப்பவன் பின்னால் நிற்கிற முதியவரையும் நோயாளியையும் நினைத்துச் சுருக்கமாகத் தொழவைக்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் சின்னப் பிள்ளையிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, யார் மிகவும் பலவீனமோ அவர் வேகம்தான் முன்னால் நிற்பவனின் வேகம் என்று. எனக்கு என் காலின் வேகம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மதில் சரிகிற சத்தம் கேட்டது, நாடா என் கையில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது, பிடியை விடாதீங்க என்று கத்திக்கொண்டே இழுத்துப்போய்ப் பாலத்துச் சரிவில் ஏறிவிட்டேன்.

மேலே நின்று எண்ணச் சொன்னேன். ஜோடி ஜோடியாகக் குரல் கொடுத்தார்கள். நான் நிற்கிற பக்கத்திலிருந்துதானே எண்ணிக்கை தொடங்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி ஏறி வந்தது, இருபதைத் தாண்டும்போதே நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஹஜ்ரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முப்பதுக்குப் பிறகு குரல் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் டைப்பிஸ்ட் டீச்சர் ஒருத்தர்தான் மூச்சிரைக்கச் சரிவில் கிடக்கிறார், நாடாவின் கடைசி முனை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. அவர் வாயைத் திறக்குமுன் முடிச்சைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்துத் திருப்பிச் செருகுகிற முடிச்சு. சீட்டுக்கு அடியில் பட்டையைக் கட்ட நம் கடையில் மட்டும் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும், உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் போடத் தெரியும். நான் அவருக்குக் கட்டவில்லை.

டீச்சர் பிறகு அழுதுகொண்டே சொன்னார். முன்னால் வேகம் கூடியதும் அவர் கை நாடாவிலிருந்து நழுவி நழுவிப் போனதாம், மூன்று தடவை உன் அம்மா மெதுவாப் போகச் சொல்லுங்க என்று குரல் கொடுத்தாளாம். யாரும் நிற்கவில்லை என்றதும் தன் கையில் இருந்த முனையை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாளாம். ஆறு வருஷம் பேசாததுக்கு இப்ப சேத்துப் பேசறேன், பல்லக் கடிச்சுக்கிட்டு நட டீச்சர், கொடியை வேணும்னா அந்தப் பக்கம் மாத்திக்கட்டறேன் என்று சொன்னாளாம். தனக்குப் பிடித்துக்கொள்ள நாடா மிச்சமில்லாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மதில் சரிந்து தண்ணீர் பக்கவாட்டில் அடித்தபோது அந்தக் கை போய்விட்டது. மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தோம். விமானம் எதுவும் இறங்காததால் உன்னால் ஜனாஸா அடக்கத்துக்கு வர முடியவில்லை, போனில்தான் கேட்டாய், அத்தா, அம்மாகூட யாரு இருந்தாங்க என்று. நாந்தான்டா பக்கத்துல இருந்தேன், கையப் பிடிச்சிருந்தேன், தண்ணி பறிச்சிக்கிட்டுப் போயிருச்சு என்றேன். அது போதும் அத்தா எனக்கு என்று சொல்லி அழுதாய். நான் உனக்குக் கொடுத்த அந்த ஆறுதல் திருட்டுப் பொருள்.

ஹஜ்ரத் நல்ல மனிதர், இன்றுவரை அந்தச் செய்தியைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. ஒரே ஒரு தடவை, அன்னைக்கு நின்னிருந்தா மதில் எல்லார் மேலயும் விழுந்திருக்கலாம் தலைவரே, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்றார். இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் செய்தது சரி என்றுகூட வரலாம். ஆனால் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் சொல். வாட்டசாட்டமான நாலு பேரை, நீங்க கடைசிக்குப் போங்கப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம். நானே பின்னால் போயிருந்தால் டீச்சரை முதுகில் தூக்கியிருப்பேன், அவள் கை என் கையில் இருந்திருக்கும், அல்லது இரண்டு பேருமாகப் போயிருப்போம், அதிலும் எனக்குக் குறையில்லை. இப்போது பள்ளியில் முதல் வரிசையில் போய் நிற்க முடியவில்லை, கடைசியில் செருப்புப் பக்கம் நின்று தொழுதுவிட்டு வருகிறேன். தலைவருக்கு எவ்வளவு பணிவு பாருங்க என்று அதற்கும் பாராட்டுகிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டீச்சர்தான் ஒன்றும் பாராட்டாமல் தினமும் கடைக்கு வந்து அம்மாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். கொடியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டேன்.

சால்வை போடுகிற அன்றைக்கு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். வரிசையையும் சொல்வேன், அவள் வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்வேன், முன்னால் வந்த செய்தியையும் சொல்வேன். பதவியை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும், தெரு கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும். கோபம் வந்தால் கோபப்படு, கொஞ்ச நாள் பேசாமல் இரு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது, நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மன்னித்துவிடு என்று கேட்க நினைக்கிறேன், கேட்க வேண்டியவளிடம் கேட்க முடியாததால் உன்னிடம் கேட்பது நியாயமா என்றும் தெரியவில்லை. அவளை அடக்கிய கபருக்குப் போனால் ஸலாம் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருக்கிறேன். ஒன்று மட்டும் செய். நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் நிற்கும்போது என்னை மனசில் வைக்காதே. உன் அம்மாவை வை. ஒரு நாளும் மேடையில் பேசாதவள், பதவி என்று ஒன்று இல்லாதவள், நான் பேசியதையெல்லாம் செய்துவிட்டுப் போனவள் அவள்தான்.

உன் ஆட்களில் யாராவது மெதுவா என்று சொன்னால் நின்று திரும்பிப் பார். யாராவது வந்து யோசனை சொன்னால், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வாயை அடைக்காதே. மேலே ஏறும்போது நீ முதலில் ஏறு, இறங்கும்போது கடைசியில் இறங்கு. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி, நெஞ்சுச்சளிக்கு வைத்தியம் பார்த்தாயா என்று எழுது. அல்லாஹ் உன் கையை வலுவாக்கட்டும், உன் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், உன் அம்மாவின் கபரை விசாலமாக்கி வெளிச்சமாக்கட்டும். நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இப்போது உண்மையான பதில் எழுதுகிறேன். அம்மாவோடு டீச்சர்தான் இருந்தார், நான் இல்லை மகனே. நான் ஐம்பது மீட்டர் முன்னால் இருந்தேன்.

வேலை முடிந்து ஆட்களை எண்ணும்போது, கடைசியிலிருந்து எண்ணத் தொடங்கு.

வஸ்ஸலாம்.

துஆவோடு,
உன் அத்தா